கல்யாணக் காய்ச்சல்

ஈரோட்டில் அந்த வருடம் யாருக்குச் சளி பிடித்தாலும், என்ன மாத்திரை போடலாம் என்று கேட்பதற்கு முன்னால் யாரிடமிருந்து வந்தது என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். கேட்டவர்களுக்குப் பதிலும் கிடைத்தது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

பதில் சொன்னது பெருந்துறை ரோட்டில் இருந்த தெய்வம் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்து இயந்திரம். அதற்குத் 'தடம்' என்று பெயர். விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் போதும். உடம்பின் எந்த மூலையில் எந்தக் கிருமி ஒளிந்திருந்தாலும், அது ரத்தத்தில் உதிர்த்துவிட்ட மரபுத் துணுக்குகளைப் பொறுக்கியெடுத்து, கிருமியின் பெயர் என்ன, எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்றெல்லாம் வரிசையாக எழுதித் தந்துவிடும். முன்பு கிருமியைத் தட்டில் வளர்த்து, அது முளைக்கிறதா என்று நாள்கணக்கில் காத்திருப்பார்கள்; அதற்குள் நோயாளி பிழைத்தோ செத்தோ போயிருப்பார். அந்தக் காலம் முடிந்தது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் ஊரைக் கவர்ந்தது இதெல்லாம் இல்லை. அறிக்கையின் கடைசியில், கட்டம் கட்டி, கொட்டை எழுத்தில் ஒரு வரி இருக்கும். 'வந்த வழி' என்று தலைப்பு. அதன் எதிரே ஒரு மனிதரின் பெயர்.

அந்த வரியைக் கேட்டு வாங்கியவள் ஆய்வுக்கூடத் தலைமை நுண்ணுயிரியலாளர் டாக்டர் சுலோசனாதான். பிறந்த குழந்தைகள் வார்டில் ஒரு தொற்று கட்டிலுக்குக் கட்டில் தாவியபோது, எந்தக் குழாயிலிருந்து, யார் கையிலிருந்து போகிறது என்று தெரியாமல் அவள் தவித்திருக்கிறாள். ஒரே வகைக் கிருமியானாலும் ஆளுக்கு ஆள் சின்னச் சின்ன மாற்றம் இருக்கும். அதை ஒப்பிட்டால் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று ஊகிக்கலாம். வார்டுக்குள் பயன்படட்டும் என்றுதான் அவள் நினைத்தாள். மருத்துவமனையின் உரிமையாளர் டாக்டர் தெய்வசிகாமணி அதை வாசலுக்கு வெளியே கொண்டுவந்து விற்றார்.

நன்றாகவே விற்றது. சூரம்பட்டியில் ஒரே சுவரைப் பகிர்ந்து வாழ்ந்த அண்ணன் தம்பியில், தம்பி அண்ணனுக்கு ஜலதோஷத்துக்காக வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். நோட்டீஸ் தபாலில் போய் அடுத்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஒரு மாமியார், தன் இருமலுக்கு மருமகள்தான் காரணம் என்ற அறிக்கையைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். மருமகள் தன் வயிற்றுப்போக்கு அறிக்கையை அதற்குப் பக்கத்தில் மாட்டினாள். கணவர்கள் சிலர் சில அறிக்கைகளை வாங்கவே போகாமல் தலைமறைவானார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு, பெண் இதுவரை யாருக்காவது எதையாவது கொடுத்திருக்கிறாளா என்றும் விசாரித்தார்கள். இதுவரை 'கண் பட்டுவிட்டது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், இப்போது யாருடைய கண் என்று ஆதாரத்தோடு சொன்னார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஊராரின் மாதிரிகள் வேண்டுமே. அதற்காக மாதிரி வங்கி என்று ஒன்று தொடங்கினார்கள். இலவச முகாம், இலவசச் சர்க்கரைப் பரிசோதனை, ஒரு எவர்சில்வர் டப்பா. தறி ஓட்டுகிறவர்கள், சாயப்பட்டறைக்காரர்கள், சமையல்காரர்கள், துப்புரவுப் பணியாளர்கள் என்று வரிசையில் நின்று விரலை நீட்டினார்கள். வசதியானவர்களுக்கு மட்டும் தங்கள் ரத்த விவரம் அந்தரங்கமானது என்று தோன்றியது. அவர்களுக்காக 'மரியாதைப் பிரிவு' என்று ஒன்று ஏற்படுத்தப்பட்டது. சந்தா கட்டினால் மருத்துவம் உண்டு, வங்கியில் பெயர் கிடையாது. அப்பிரிவின் முதல் உறுப்பினர் தெய்வசிகாமணி.

அவர் மோசமான ஆள் என்று சொல்லிவிட முடியாது. அறுவை சிகிச்சையில் கைராசிக்காரர் என்று பெயர். ஏழைகளிடம் கனிவாகப் பேசுவார். புகைப்படக்காரர் பக்கத்தில் இருந்தால் இன்னும் கனிவாக. எந்த மேடை ஏறினாலும், மருத்துவக் கல்லூரியில் டைபாய்டு காய்ச்சலோடு இறுதித் தேர்வு எழுதித் தங்கப் பதக்கம் வாங்கிய கதையைச் சொல்லாமல் இறங்க மாட்டார். பழனிக்கு வேண்டுதல் உண்டு. மருத்துவமனை ஆண்டு விழாவிலும் வீட்டு விசேஷங்களிலும் அவரே அண்டாவுக்கு முன் உட்கார்ந்து, முழங்கை வரை சட்டையைச் சுருட்டிவிட்டு, வாழைப்பழத்தையும் நாட்டுச்சர்க்கரையையும் பிசைந்து பஞ்சாமிர்தம் செய்து எல்லோருக்கும் தருவார். கையுறை போட்டால் பக்தி தெரியாது என்பது அவர் கொள்கை.

அவருடைய மகள் கல்யாணத்திலும் பிசைந்தார். ஊரில் யாரெல்லாம் முக்கியமோ அவர்களெல்லாம் வந்து கைநீட்டி வாங்கிச் சாப்பிட்டார்கள்.

கல்யாணம் முடிந்து இரண்டு வாரம் போல ஆனதும் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். விடாத காய்ச்சல், தலைவலி, வயிற்று உபாதை. தடம் ஒரு நொடியும் தயங்காமல் டைபாய்டு என்றது. விருந்தினர்களுக்கு மருத்துவமனையின் மேல்மாடியில் தனித்தனி அறை. வருகிறவர் போகிறவர் கொண்டுவந்த பூங்கொத்துகள் வராந்தா வரை நிறைந்தன. கல்யாணத்தைப் படம் பிடித்த வீடியோக்காரர் சடையப்பனுக்கும் அதே காய்ச்சல்தான். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர். அவர் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே வேறு இரண்டு கல்யாணங்களுக்குப் போனார். குடல் ஓட்டையாகி அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது நேரம் கடந்துவிட்டிருந்தது. நெசவாளர் காலனியில் அவர் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள்.

சாவு நடந்துவிட்டதால் போலீஸ் வந்தது. அறிக்கைகளைக் கேட்டது. எல்லா அறிக்கையிலும் 'வந்த வழி' என்ற கட்டத்தில் ஒரே பெயர் இருந்தது: ராமாத்தாள், சமையல் உதவி.

ராமாத்தாள் கல்யாணச் சமையல் காண்டிராக்டரிடம் வேலை செய்கிற ஐம்பது வயதுக்காரி. காய் நறுக்குவது, தேங்காய் துருவுவது, சட்னி அரைப்பது அவள் பொறுப்பு. அலட்சியத்தால் மரணம் விளைவித்தல் என்று வழக்குப் பதிவானது. கிருமியோடு சிறைக்கு அனுப்ப முடியாது என்பதால், தெய்வம் மருத்துவமனையின் தனிமை வார்டிலேயே ஒரு பெண் காவலரோடு வைத்தார்கள். பத்திரிகைகள் அவளுக்கு 'பரப்பி' என்று பட்டம் கொடுத்தன. மேல்மாடியில் காய்ச்சல் குறைந்து எழுந்து உட்கார்ந்தவர்கள், கீழே பார்த்து, இந்தமாதிரி ஆட்களை யார் சமையலுக்கு விடுவது என்று நியாயம் பேசினார்கள். ராமாத்தாள் சென்னிமலையில் கட்டிக்கொடுத்திருந்த மகள் வீட்டிலிருந்து, பேத்தியை இனி அந்தப் பக்கம் அனுப்புவதாக இல்லை என்று தகவல் வந்தது.

அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டது சுலோசனா. இயந்திரம் சொல்வதற்கு அடியில் கையெழுத்துப் போடுவதுதான் இப்போது அவள் வேலை.

நீதிமன்றம்தான் முதல் முடிச்சைப் போட்டது. ரத்தத்தில் துணுக்கு இருக்கிறது என்றால் மட்டும் போதாது, அவள் உடம்பில் உயிருள்ள கிருமி இன்னும் இருக்கிறது என்று பழைய முறையில் வளர்த்துக் காட்டுங்கள் என்று நீதிபதி கேட்டார். தெய்வசிகாமணிக்கு எரிச்சல். சுலோசனாவுக்கு, சொல்லக்கூடாது, கொஞ்சம் சந்தோஷம். கிருமி வளர்க்கிற கல்ச்சர் தட்டுகளை, நெடுநாளாகத் தொடாமல் வைத்திருந்ததை, எடுத்தாள். ராமாத்தாளின் மலத்தை, ரத்தத்தை, வேறு வேறு நாட்களில் எடுத்துப் போட்டு, கதகதப்பான பெட்டியில் வைத்துக் காத்திருந்தாள். எல்லா மனிதர் குடலிலும் இருக்கிற கிருமிகள் முளைத்தன. டைபாய்டு கிருமி முளைக்கவில்லை. மறுபடி போட்டாள். அப்போதும் இல்லை. புதிதாக ஒரு சொட்டு ரத்தம் எடுத்துத் தடத்திலேயே வைத்தாள். தடமும் இல்லை என்றது.

பிறகு, கல்யாண அறிக்கைகளில் எந்த ராமாத்தாளை அது சொல்கிறது என்று பார்த்தாள். வங்கியில் இருந்தது அவளுடைய பழைய மாதிரி. முன்னொரு முகாமில், டைபாய்டு வந்து தேறிக்கொண்டிருந்த சமயத்தில் கொடுத்தது. அந்த மாதிரியில் இருந்த கிருமியும் கல்யாணக் கிருமியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போல இருந்தன. அவ்வளவுதான் இயந்திரத்துக்குத் தெரியும்.

சுலோசனா தனிமை வார்டுக்குப் போனாள். பெண் காவலர் மூக்கை மூடிக்கொண்டு தூரத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தக் காய்ச்சல் எப்போது வந்தது என்று கேட்டாள். ராமாத்தாள் அப்போது இதே மருத்துவமனையின் கேண்டீனில் வேலை பார்த்தாளாம்.

"ஆண்டு விழா முடிஞ்சு கொஞ்ச நாள்லீங்க அம்மிணி. நான் மட்டுமில்லீங்க, கேண்டீன்ல பாதிப் பேரு படுத்துப்போட்டோம். தண்ணி சேரலைன்னு சொன்னாங்க."

"விழாவுல என்ன சாப்பிட்டீங்க?"

"நாங்க ஆக்குனதைத்தானுங்க. ஐயா பிசைஞ்ச பஞ்சாமிர்தம் மட்டும் தனி. அதை ஐயாவே ஊட்டிவிடாத கொறையா எல்லார்த்துக்கும் குடுத்தாரு." கொஞ்சம் யோசித்துவிட்டு அவள் சொன்னாள்: "நான் எங்கீங்க குடுக்கறது? நானே வாங்குனவ."

சுலோசனா மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு எல்லாம் பொருந்திப்போயிற்று. தெய்வசிகாமணிக்குப் பித்தப்பையில் கல் இருப்பது மருத்துவமனை முழுக்கத் தெரிந்த விஷயம். ஊருக்கெல்லாம் வயிற்றைக் கிழிக்கிறவர் தன் வயிற்றில் கத்தி வைக்கப் பயப்படுகிறார் என்று செவிலியர்கள் சிரிப்பார்கள். தங்கப் பதக்கம் வாங்கித் தந்த டைபாய்டைப் பற்றியோ அவரே மேடைக்கு மேடை சொல்லிவருகிறார். இத்தனை வருடம் அதைக் கேட்டுக் கைதட்டியவர்களில் அவளும் ஒருத்தி.

அவர் தன் அறையில் முருகன் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். கல்ச்சர் முளைக்கவில்லை என்று அவள் சொன்னதும் முகம் சுருங்கியது.

"ஏனம்மிணி, மிசின் பேரே சொல்லிப்போட்டுது. நீங்க எதுக்குத் தட்டு, குண்டான்னு கொழப்பறீங்க?"

"மிசின் பொய் சொல்லலீங்க சார். அதுக்குத் தெரிஞ்சவங்கள்ல யாருன்னுதான் அது சொல்லுது. தெரியாதவங்க பேரை அது எப்படிச் சொல்லும்?"

புரியும்படி சொல்லச் சொன்னார்.

"ஒரு பங்களாவுல நகை காணாமப் போச்சுன்னு வெச்சுக்குங்க. போலீஸ்கிட்ட வேலைக்காரங்க கைரேகை மட்டும் இருக்குது. வீட்டுக்காரங்களுது ஒண்ணுகூட இல்லை. அப்ப யாரு மாட்டுவாங்க? நம்ம வங்கியில இருக்கறதெல்லாம் டப்பா வாங்க வந்தவங்க. இதுவரைக்கும் நம்ம மிசின் பணக்காரங்க ஒருத்தர் பேரைக்கூடச் சொன்னதில்லை, கவனிச்சீங்களா?"

அவர் கவனித்திருந்தார். அவர்கள் சுத்தமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

"ராமாத்தாளுக்குக் காய்ச்சல் குடுத்தவங்களும் கல்யாணத்துல குடுத்தவங்களும் ஒரே ஆளா இருக்கோணும். ரெண்டு எடத்துலயும் இருந்தவங்க, கையால சாப்பாட்டைத் தொட்டவங்க. ஆனா வங்கியில இல்லாதவங்க. பித்தப்பையில கல்லு இருந்தா டைபாய்டு கிருமி அது மேல வருசக்கணக்கா குடியிருக்கும் சார். இருக்கறவங்களுக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. அப்பப்ப வெளிய வரும், கை வழியா அடுத்தவங்களுக்குப் போகும். உங்களுக்கு நான் சொல்லித் தரோணும்னு இல்லை. ஒரு சொட்டு ரத்தம் குடுத்தீங்கன்னா தெரிஞ்சுபோயிரும்."

தெய்வசிகாமணி கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அவர் எழுந்து வந்து, தகப்பன் மாதிரி அவள் தலைக்கு மேல் ஒரு புன்னகையை வைத்தார்.

"நான் மரியாதைப் பிரிவு அம்மிணி. என்ர ரத்தத்தைக் கேக்கறதுக்கே உங்களுக்குச் சட்டத்துல எடமில்லை. முருகனுக்குப் பிசையற கையி இது. நீங்க ரொம்ப நாளா லீவே எடுக்கலை போலிருக்குது, எடுத்துக்குங்க."

அவள் லீவு எடுக்கவில்லை. கல்ச்சர் முளைக்கவில்லை என்ற முடிவை நீதிமன்றத்துக்கு அனுப்பினாள். மருத்துவமனையின் வக்கீல், தட்டு முறை பழையது, அது தவறவிடுவது சகஜம், இயந்திரம் நவீனமானது என்று வாதாடினார். நீதிபதி விசாரணையைத் தள்ளிவைத்தார். ராமாத்தாள் வார்டிலேயே இருந்தாள்.

இதற்கிடையில் வேறொரு விழாவுக்கு ஏற்பாடு நடந்தது. தடத்தின் சின்ன வடிவம் ஒன்று தயாராகியிருந்தது. ஒரு மிக்சி அளவுதான். மாவட்டத்தின் எல்லா மருந்துக்கடைகளிலும் அதை வைக்கப்போகிறார்கள். அமைச்சர் ஒருவர் வருகிறார். தெய்வசிகாமணியே மேடையில் விரலை நீட்டி முதல் சொட்டு கொடுப்பார், சில நிமிடங்களில் பெரிய திரையில் பச்சை எழுத்தில் 'சுத்தம்' என்று வரும், எல்லோரும் கைதட்டுவார்கள் என்று திட்டம். அதற்காகவே இயந்திரத்தில் 'விழா முறை' என்று ஒரு பொத்தான் வைத்திருந்தார்கள். அதை அழுத்திவிட்டால் யாருடைய ரத்தம் வைத்தாலும், ரத்தத்துக்குப் பதில் குங்குமத் தண்ணீர் வைத்தாலும், பச்சை எழுத்துதான் வரும். விற்பனை மேலாளர் வினோபா, பேச்சில் கெட்டிக்காரன், அந்தப் பொத்தானை அழுத்தும் பொறுப்பைச் சுலோசனாவிடம் கொடுத்தான். ஆய்வுக்கூடத் தலைவியே பக்கத்தில் நின்றால் மக்களுக்கு நம்பிக்கை வரும் என்றான்.

விழா அன்று காலை, மேடைக்குப் பின்னால், அவள் தெய்வசிகாமணியிடம் இன்னொரு முறை பேசிப் பார்த்தாள். வேறு யாராவது ரத்தம் கொடுக்கட்டும், அதுதான் உங்களுக்கு நல்லது என்றாள். அவர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டே, முன்னால் நிற்கிறவன் முதலில் கொடுத்தால்தான் ஊர் பின்னால் வரும் என்றார். விழா முறை அவர் நினைவில் இருந்தது.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசைகளில் சம்பந்தி வீட்டார், தேறி எழுந்த கல்யாண விருந்தினர்கள், ஊர்ப் பெரிய மனிதர்கள். தெய்வசிகாமணி விரலை நீட்டினார். சுலோசனா ஊசியால் குத்தி ஒரு சொட்டை எடுத்து இயந்திரத்தில் வைத்தாள். திரையில் வழக்கமான கேள்வி வந்தது: மாதிரி வங்கியில் சேரச் சம்மதமா? இயந்திரம் எல்லோரையும் கேட்பதுதான். காமிராக்கள் நெருங்கின. அவர் கூட்டத்தைப் பார்த்தார், சிரித்தார், எல்லோருக்கும் தெரியும்படி கையை உயர்த்திக் கொண்டுவந்து சம்மதம் என்ற இடத்தைத் தொட்டார். எனக்கு ஒளிக்க என்ன இருக்கிறது என்று மைக்கில் சொன்னார். பலத்த கைதட்டல்.

சுலோசனா எதையும் தட்டி மாற்றவில்லை, எதையும் சேர்க்கவில்லை. விழா முறைப் பொத்தானை அழுத்தவில்லை, அவ்வளவுதான். இயந்திரம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. காத்திருக்கும் நேரத்தில் தெய்வசிகாமணி டைபாய்டோடு தேர்வு எழுதிய கதையைச் சொன்னார்.

கதை தங்கப் பதக்கத்தை எட்டியபோது முன்வரிசையில் ஒரு போன் சிணுங்கியது. பிறகு அதற்குப் பக்கத்தில் ஒன்று. பிறகு மண்டபத்தின் இந்த ஓரம், அந்த ஓரம் என்று, மழைக்குத் தவளைகள் மாதிரி, போன்கள் ஒன்றையொன்று பார்த்துக் கத்தத் தொடங்கின. புதுத் தகவல் கிடைத்தால் பழைய அறிக்கைகளைத் தானாகத் திருத்தி, சம்பந்தப்பட்டவர்களுக்கு அனுப்பிவிடும்படி தடத்தை அமைத்திருந்தார்கள். விளம்பரத்தில் அதைப் பெருமையாகவும் சொல்லியிருந்தார்கள். சம்பந்தி மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். 'உங்கள் அறிக்கை திருத்தப்பட்டது. வந்த வழி: டாக்டர் தெய்வசிகாமணி.' அவர் தலையைத் தூக்கி மேடையைப் பார்த்தார். அதற்குள் பெரிய திரையிலும் வந்துவிட்டது. எழுத்து பச்சையில் இல்லை.

தெய்வசிகாமணி திரையைப் பார்த்தார், சுலோசனாவைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் அவர் முகத்தில் மேடை, மாலை, கைராசி எல்லாம் கழன்றுபோய், காய்ச்சலோடு பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரு பையன் தெரிந்தான். அவருக்கே தெரியாது என்பது சுலோசனாவுக்குப் புரிந்தது. தெரிந்துகொள்ள விரும்பாமல் இருந்தார், அதுவரைக்கும்தான் அவர் குற்றம். அவர் தோற்றுவிட்டார் என்று அவள் நினைத்தாள்.

வினோபா மைக்கைப் பிடுங்கினான்.

"பாத்துக்குங்க. எங்க மிசின் எங்க முதலாளியையே விடலை. இதைவிட நேர்மை வேற எங்கீங்க கெடைக்கும்?"

பிறகு அமைச்சர் மெதுவாகக் கை தட்டினார். அமைச்சர் தட்டியதால் அவரைச் சுற்றியிருந்தவர்கள் தட்டினார்கள். பிறகு மண்டபமே எழுந்து நின்று தட்டியது. தெய்வசிகாமணியின் முகத்துக்கு ரத்தம் திரும்பி வந்தது. அவர் மைக்கை வாங்கி, உண்மைக்காகத் தன் பெயரையே பணயம் வைக்கத் தீர்மானித்துத்தான் மேடை ஏறியதாகச் சொன்னார். கண்கலங்கவும் செய்தார். அன்று மாலைக்குள் சின்னத் தடம் அவ்வளவும் விற்றுத் தீர்ந்தது.

அடுத்து வந்த நாட்களில் ஊர் பேசிய பேச்சைச் சுலோசனா காதால் கேட்டும் நம்பவில்லை. ராமாத்தாளைப் பரப்பி என்று எழுதிய பத்திரிகை, இவரை 'அறியாமல் சுமந்தவர்' என்று எழுதியது. பாவம், மனுசனுக்கே தெரியாதில்லை, என்று மேல்மாடியில் படுத்திருந்தவர்கள் சொன்னார்கள். நமக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல் இல்லை, டாக்டர் கையால் வந்தது, பிரசாதத்தோடு வந்தது என்று சம்பந்தி ஒரு விருந்தில் சொன்னதாகவும் கேள்வி. வழக்கில் இருந்த அலட்சியம் என்ற சொல் நீங்கி, எதிர்பாராத இயற்கைத் தொற்று என்று ஆனது. இயற்கையின் மேல் வழக்குப் போட முடியாது என்பதால் கோப்பு மூடப்பட்டது. தெய்வசிகாமணி சென்னைக்குப் போய், வேறொரு மருத்துவமனையில் பித்தப்பையை எடுத்துக்கொண்டு வந்தார். வரவேற்புக்கு மேளம் வைத்திருந்தார்கள். சடையப்பனின் மனைவிக்கு மருத்துவமனையிலிருந்து ஒரு கவர் போயிற்று. உள்ளே முழு உடல் பரிசோதனைக்கான இலவசக் கூப்பன் இருந்தது.

சுலோசனாவை வேலையை விட்டு எடுக்க முடியவில்லை. முதலாளியின் நேர்மைக்குச் சாட்சியாக எல்லாப் படங்களிலும் அவள் பக்கத்தில் நின்றுவிட்டாள். அதனால் பதவி உயர்வு கொடுத்தார்கள். முதன்மை ஆலோசகர். ஏ.சி. அறை, சோபா, ஜன்னலுக்கு வெளியே வாகன நிறுத்துமிடம். கிருமி என்று ஒன்று எந்தப் பக்கத்திலிருந்தும் அந்த அறைக்குள் வர வழியில்லை. 'வந்த வழி' வரிக்கும் ஒரு புது விதி வந்தது: சமூகத்தில் மதிப்புள்ளவர்களின் பெயர் வருமானால், அதை வெளியிடுமுன் ஒரு குழு கூடித் தீர்மானிக்கும். குழுவின் தலைவர் தெய்வசிகாமணி. இந்த விஷயத்தில் அவருக்குத்தான் அனுபவம் இருந்தது.

ராமாத்தாளை விடுவித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் சுலோசனா அவளைப் பார்க்கப் போனாள். வீரப்பன்சத்திரத்தில் விசைத்தறிகள் இரைகிற ஒரு சந்துக்குள் வீடு. முன்னறையில் ஒரு கட்டில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வெயில் ஏறியிருந்த நேரம். ராமாத்தாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். திருத்திய அறிக்கை அவள் போனுக்கும் வந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டச் சொன்னாளாம்.

"ஐயாகிட்டருந்துதான் எனக்கு வந்துச்சுங்களாமா."

ஆமாம் என்றாள் சுலோசனா. ராமாத்தாள் தலையை ஆட்டிக்கொண்டாள். அதில் கோபமோ ஆச்சரியமோ தெரியவில்லை. வேலைக்குப் போகிறீர்களா என்று சுலோசனா கேட்டாள். காண்டிராக்டரிடம் இரண்டு தடவை போய்க் கேட்டாளாம். அவர் நல்ல மனுசர்தானாம், திட்டவில்லையாம். பேர் அடிபட்டுப்போச்சு, கொஞ்ச நாள் போகட்டும் என்றாராம். ஆள்கள் எல்லோருக்கும் விஷயம் தெரியும், ஆனாலும் கல்யாண வீட்டுக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்றாராம். மகள் போனில் பேசுகிறாள், பேத்தியைக் கூட்டிக்கொண்டு வருவதைப் பற்றி மட்டும் பேச்செடுப்பதில்லை.

"உங்க உடம்புல ஒண்ணுமே இல்லைங்க. தட்டுல போட்டு, ரத்தத்தை எடுத்து, எல்லா விதத்துலயும் நானே பாத்துட்டேன். அப்படீன்னு கையெழுத்துப் போட்டு எழுதித் தர்றேன். யாரு கேட்டாலும் காட்டுங்க."

"எழுதிக் குடுத்தா யாருக்குங்க அம்மிணி காட்டறது? பேத்திக்குங்களா? அவளுக்கு இன்னும் படிக்கத் தெரியாது." ராமாத்தாள் சிரித்தாள். பிறகு, இவ்வளவு தூரம் தேடி வந்திருக்கிறீர்கள், வெறும் வயிற்றோடு போகக்கூடாது என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.

இடியாப்பம் போலச் சந்தகை பிழிந்து வைத்திருந்தாள். தாளித்து, துருவிய தேங்காயைக் கையால் தூவி, ஒரு எவர்சில்வர் தட்டில் கொண்டுவந்து சுலோசனாவின் முன்னால் ஸ்டூலில் வைத்தாள். எலுமிச்சை மணம் எழுந்தது. சுலோசனா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பசித்தது. கையைத் தட்டுக்குக் கொண்டுபோனாள்.

கை நின்றது.

தட்டுக்கு மேல், தேங்காய்த் துருவலுக்கு ஒரு சாண் உயரத்தில், அது பாட்டுக்கு நின்றது. மூளைக்கு எல்லாம் தெரியும். இந்த ஊரிலேயே இதைச் சோதித்துத் தெரிந்துகொண்ட ஒரே மூளை அதுதான். கைக்குத் தெரியவில்லை. அவள் வாய் அதற்குள் பேசிவிட்டது.

"இப்பத்தாங்க சாப்பிட்டுட்டு வந்தேன்."

ராமாத்தாள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மாறவேயில்லை. காண்டிராக்டரிடம் இருந்து வரும்போதும் இதே முகத்தோடுதான் வந்திருப்பாள் என்று சுலோசனாவுக்குத் தோன்றியது.

"பரவாயில்லீங்க அம்மிணி," என்றாள். எட்டிச் சுவர் அலமாரியைத் திறந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தாள். அதைப் புடவைத் தலைப்பால் பிடித்து, விரல் படாமல் நீட்டினாள். "கடையில வாங்குனதுங்க. இன்னும் பிரிக்கலை."

சுலோசனா பாக்கெட்டை வாங்கவில்லை. குனிந்து தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். சாப்பிடறேன், குடுங்க என்று சொல்லவும் செய்தாள். தறிச் சத்தத்தில் அது ராமாத்தாளுக்குக் கேட்டதோ என்னவோ. அவள் பாக்கெட்டைக் கட்டிலில் வைத்துவிட்டுத் தட்டின் மறுபக்க விளிம்பைப் பிடித்திருந்தாள். ஒரு நொடி தட்டு இருவர் கையிலும் இருந்தது. பிறகு ராமாத்தாள் அதை மெல்ல விடுவித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.